பின்பனிக் காலத்து இல்லறம்

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் பயிலும் மாணவர் இந்த ஆறனையும் தடையின்றி ஒப்பிப்பர். ஆனால், பின்பனி என்றால் என்ன என்று ஒரு மாணவனைக் கேட்டால், அவன் மனத்தில் தோன்றுவது பெரும்பாலும் வெண்பனி மூடிய ஐரோப்பிய நாட்டுத் தெருவின் படமாகவே இருக்கும். நான்கு பருவங்களைக் கூறும் ஆங்கிலப் பாடத்தின் பனிக்காலமும், ஆறு பொழுதுகளைக் கூறும் தமிழ்ப் பாடத்தின் பின்பனியும் அவனுக்கு ஒன்றாகிவிடுகின்றன.

இந்த மயக்கத்தைப் போக்குவதற்கு அகராதிப் பொருள் மட்டும் போதாது. பின்பனி என்பது வானத்தில் நிகழ்ந்த மாற்றம் மட்டும் அன்று. தமிழகத்து வீட்டின் முற்றத்திலும் அடுக்களையிலும் களஞ்சியத்திலும் நடந்த வேலையின் பெயரும் ஆகும். அந்த இரண்டு மாதங்களில் இல்லத்தார் என்ன செய்தனர், ஏன் செய்தனர் என்பதை அறிந்தால், அந்தச் சொல் உயிர் பெறும்.

பனி என்னும் சொல்

தமிழகத்தின் சமவெளியில் வெண்பனி பெய்வதில்லை. அங்கே பனி என்பது இரவில் புல்லின் மீதும் கூரையின் மீதும் படியும் நீர்த்துளியும், அதனோடு வரும் குளிருமே ஆகும். இரவின் முற்பகுதியிலேயே பனி இறங்கும் காலம் முன்பனி. இரவின் பிற்பகுதியில் இறங்கும் காலம் பின்பனி. இப்பெயர்களின் பொருத்தத்தை இயற்கை நூல் நன்கு விளக்குகிறது.

பகலில் சூடேறிய நிலம் இரவில் அந்தச் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. வானம் மேகமின்றித் தெளிந்திருந்தால் சூடு விரைவாக வெளியேறும். நிலத்தைத் தொட்டிருக்கும் காற்றும் குளிரும். ஓர் அளவுக்கு மேல் குளிர்ந்தால், காற்றிலுள்ள நீராவி துளியாகி இலையிலும் புல்லிலும் படியும். மார்கழியில் பகல் குறுகியது, வெயிலும் மெலிந்தது, வடகிழக்குப் பருவ மழை விட்டுச் சென்ற ஈரமும் மிகுதி. ஆகவே பொழுது சாய்ந்த சிறிது நேரத்திலேயே பனி படியத் தொடங்குகிறது. மாசியிலோ பகல் நீள்கிறது; வெயில் ஏறுகிறது; ஈரம் குறைகிறது. மாலையில் நிலம் சூடாகவே இருக்கும். அது பனி படியும் அளவுக்குக் குளிர்வதற்கு நள்ளிரவும் கடக்க வேண்டியிருக்கிறது. முன்பனி, பின்பனி என்று பெயரிட்டவர் இரவெல்லாம் வயலிலும் களத்திலும் காவல் இருந்த மக்களே என்று எண்ணுவது பிழையாகாது.

கடும்பகலும் குளிர்ந்த விடியலும் ஒரே நாளில் அமைவதே பின்பனியின் இயல்பு. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு 10 நிமிடத்துக்கும் குறைவு. சென்னையிலோ அது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். அங்கே பொழுது மாறுவதை உடல் உணரும். இங்கே அவ்வாறு உணர்வது அரிது. இதனாலேயே இங்குள்ள மாணவனுக்கு ஆறு பொழுதுகளும் வெறும் பட்டியலாகத் தோன்றுகின்றன.

களஞ்சியமும் கணக்கும்

காவிரிப் படுகையில் சம்பா நெல் தையிலும் மாசியிலும் அறுவடையாகும். கதிர் அறுத்து, களத்தில் அடித்து, மாடு கட்டிப் போரடித்து, தூற்றி, நெல் வீடு வந்து சேரும்போது பின்பனி தொடங்கிவிடும். அதன் பிறகு பொறுப்பு இல்லாளுடையது. புதிதாக அறுத்த நெல்லில் ஈரம் மிகுதி. 100 பங்கு எடையில் 14 பங்குக்கு மேல் ஈரம் இருந்தால் நெல் சேமிப்பில் கெடும், பூஞ்சணம் பிடிக்கும், வண்டு விழும். இந்த அளவை அளக்கும் கருவி அக்காலத்து வீட்டில் இல்லை. ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்து, அது நெரியாமல் ‘கடுக்’கென்று உடைந்தால் காய்ந்தது என்று கண்டனர். மழையற்ற மாசி வெயிலில் நாள்தோறும் பரப்பி, காலால் கிளறி, மாலையில் கூட்டி மூடினர். விடியற்பனி மீண்டும் நெல்லை நனைத்துவிடும் என்பதால், பொழுது சாயுமுன் மூடுவது தவறாத கடமையாயிற்று.

காய்ந்த நெல் குதிரிலோ பத்தாயத்திலோ சேரும். குதிர் மண்ணால் ஆனது. பத்தாயம் மரத்தால் ஆனது. குதிரின் வாயை மூடி, மூடியின் விளிம்பை மண்ணாலும் சாணத்தாலும் மெழுகுவர். அடியில் உள்ள சிறு துளையின் வழியாக வேண்டும் அளவு நெல்லை எடுத்துக்கொள்வர். மேலே திறவாமல் கீழே எடுப்பதால் காற்றும் வண்டும் உள்ளே புகுவது குறைந்தது. வேப்பிலை, நொச்சியிலை முதலியவற்றையும் நெல்லோடு இட்டனர். விதைநெல்லை மட்டும் தனியே, வைக்கோல் புரியால் சுற்றிய கோட்டையாகக் கட்டி வைத்தனர். எந்த இடுக்கண் வந்தாலும் விதைக்கோட்டையில் கை வைக்கலாகாது என்பது வீட்டின் எழுதாச் சட்டம்.

நெல்லைச் சேமித்தால் மட்டும் போதாது. அது அடுத்த அறுவடை வரையில் வருமா என்று கணக்கிட வேண்டும். பழைய அளவையில் 8 படி ஒரு மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம். எனவே ஒரு கலத்துக்கு 96 படி. இரண்டு படி நெல்லைக் குத்தினால் ஏறத்தாழ ஒரு படி அரிசி கிடைக்கும். நாள்தோறும் 2 படி அரிசி வடிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்க. அதற்கு நாளொன்றுக்கு 4 படி நெல் வேண்டும். 365 நாளுக்கு 1460 படி. அஃதாவது 15 கலம், 2 மரக்கால், 4 படி. இஃது உணவுக்கு மட்டும். விருந்தினர்க்கு, பொங்கலுக்கு, வண்ணார்க்கும் கொல்லர்க்கும் அளக்கும் பங்குக்கு, விதைக்கு என்று மேலும் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்டிர் பலர் இந்தக் கணக்கை மனத்தாலேயே போட்டனர். குதிரின் நெல் மட்டம் எந்த மாதத்தில் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். மட்டம் முன்னதாகவே இறங்கினால், ஆடி வருமுன்னரே உலையில் கேழ்வரகும் கம்பும் ஏறும்.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. குதிர் எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. நிலமற்ற உழவுத் தொழிலாளியின் குடும்பம் அறுவடைக் கூலியாகப் பெற்ற நெல் சில மரக்கால்களே. அவர்கள் வீட்டில் அது பானைகளில் அடங்கிவிட்டது. பின்பனியில் வயிறார உண்ட அக்குடும்பங்கள், முதுவேனிலில் கடன் நெல்லுக்குக் காத்து நின்றன. மலாயாவின் தோட்டங்களுக்குக் கப்பலேறியவருள் இத்தகைய வீட்டினரும் பலர். பருவத்தைப் பற்றிப் பேசும்போது செல்வர் வீட்டுக் களஞ்சியத்தை மட்டும் காட்டுவது அரை உண்மையே ஆகும்.

புழுங்கலின் பெருமை

பின்பனியில் தொடங்கும் வேலைகளுள் பெரியது நெல் அவித்தல். நெல்லைப் பெரிய அண்டாவில் ஓரிரவு ஊற வைப்பர். மறுநாள் நீரை வடித்து, ஆவி மேலெழ அவிப்பர். உமி வாய்விடும் பதத்தில் இறக்கி, முற்றத்தில் பரப்புவர். ஒரே மூச்சில் கடுவெயிலில் காய்ந்தால் அரிசி வெடித்து நொய்யாகும். ஆதலால் வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி உலர்த்துவர். சித்திரையின் சுடு வெயிலைவிட மாசியின் இளவெயில் இதற்கு ஏற்றது. இவ்வாறு அவித்துக் குத்திய அரிசியே புழுங்கலரிசி. அது குத்தும்போது எளிதில் நொறுங்காது, நெடுநாள் கெடாது.

இந்த அடுக்களை வேலையின் முழுப் பயன் வெளிப்பட்ட இடம் தமிழகம் அன்று, மலாயாவே ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து நோயாளி இறப்பான். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரிடையே இந்நோய் மிகுதியாக இருந்தது. ஆனால், அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளரிடையே அஃது அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், 1907-இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டை எடுத்துக் காட்டினார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் பிளெச்சர் 1905-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் வழங்கினார். பச்சரிசி உண்டவருள் பலர் பெரிபெரியால் தாக்குண்டனர், சிலர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவரிடையே அந்நோய் புதிதாகத் தோன்றவில்லை. பின்னர், கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், காட்டில் சாலை அமைத்த தொழிலாளரிடையே இதனை மேலும் ஆராய்ந்தனர். அரிசியில் நஞ்சு இருப்பதால் நோய் வருகிறது என்று பிராடன் கருதியிருந்தார். நஞ்சு இருப்பதால் அன்று, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஓர் இன்றியமையாப் பொருள் நீங்கிவிடுவதாலேயே நோய் வருகிறது என்பதை அவ்விருவர் ஆராய்ச்சியும் தெளிவுபடுத்தியது.

அந்தப் பொருளை 1926-இல் ஜாவாத் தீவில் ஜான்சன், டோனாத் என்னும் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தனர். அதுவே தயாமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து. அது பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் உள்ளது. நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது அதன் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. உயிர்ச்சத்து என்னும் கருத்தே தோன்றாத காலத்தில், நெல் நொறுங்காமல் இருக்க வேண்டும், நெடுநாள் வர வேண்டும் என்பதற்காகவே இல்லத்தார் நெல்லை அவித்தனர். நோயைத் தடுக்க வேண்டும் என்று எண்ணி அவர்கள் அதனைச் செய்யவில்லை. ஆயினும், அந்தப் பழக்கம் கடல் கடந்து வந்த தொழிலாளியின் உயிரைக் காத்தது. வீட்டு வேலை என்று எளிதாக ஒதுக்கப்படும் ஒன்று எத்துணைப் பெறுமானம் உடையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆண்டுக்கான சேமிப்பு

நெல்லோடு வேலை முடிவதில்லை. புளியம்பழம் முதிர்ந்து உதிரும் காலமும் இதுவே. பழத்தை உலர்த்தி, ஓட்டை நீக்கி, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்து, உப்புக் கலந்து உருட்டிச் சாலில் அடைப்பர். ஓராண்டுக்கான புளி அது. துவரை வீட்டுக்கு வரும். அதனை ஊற வைத்து, செம்மண் பூசி, வெயிலில் உலர்த்தி, திரிகையில் இட்டு உடைத்துப் பருப்பாக்குவர். செம்மண் பூசிக் காய வைப்பதால் தோல் எளிதில் கழன்றுவிடும். இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் பழுத்துச் சிவந்து களத்தில் காயும். ஈரோட்டுப் பகுதியில் மஞ்சள் கிழங்கைத் தோண்டி, வேக வைத்து, பல நாள் உலர்த்துவர்.

வடு மாங்காயும் இக்காலத்தில்தான் கிடைக்கும். மாம்பிஞ்சை உப்பு, கடுகு, மஞ்சள், விளக்கெண்ணெய் சேர்த்து ஊற வைத்தால் மாவடு ஆகும். பங்குனி வெயில் ஏறியதும் கூழ் காய்ச்சி வடகம் இடுவர்; மோர் மிளகாயும் சுண்டை வற்றலும் போடுவர். காக்கை விரட்டும் வேலை வீட்டுப் பிள்ளைகளுடையது. காயாத வடகத்தைக் கள்ளமாக எடுத்துத் தின்பதும் அவர்களுடையதே. உப்பும் உலர்ச்சியும் உணவிலுள்ள நீரைக் குறைக்கின்றன; நீரின்றிப் பூஞ்சணமும் நுண்ணுயிரும் வளர முடியா. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டுக்கு இந்த இரண்டுமே காவல்.

பனியும் வீணாவதில்லை. காவிரிப் படுகையில் சம்பா அறுப்பதற்கு ஒரு வாரத்துக்கு முன்னரே, நிற்கும் பயிருக்கிடையில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவர். நெல்லை அறுத்த பின், நிலத்தில் எஞ்சிய ஈரத்தையும் இரவில் படியும் பனியையும் கொண்டே அவை வளர்ந்து பங்குனியில் காய்க்கும். உழவும் வேண்டா, பாய்ச்சலும் வேண்டா. அடுத்த ஆண்டின் இட்டிலிக்கும் வடைக்கும் உரிய உளுந்து இவ்வாறு பின்பனியின் கொடையாக வந்தது. புது வைக்கோல் மாட்டுக்குப் போராகவும், கூரைக்கு வேய்ச்சலாகவும் பயன்பட்டது.

பிரிவின் காலம்

பாலைத் திணைக்கு வேனிலும் நண்பகலும் உரியவை என்று கூறிய தொல்காப்பியர், பின்பனியும் அதற்கு உரியது எனத் தனியே ஒரு நூற்பாவில் சேர்த்துரைக்கிறார். பாலையின் உரிப்பொருள் பிரிவு. குளிர் இன்னும் நீங்காத பின்பனி ஏன் பாலைக்கு உரியதாயிற்று என்று மாணவர் வினவக் கூடும். மேலே கண்ட இல்லற வாழ்வு அதற்கு ஒரு விடை தருகிறது. மழை நின்று வழிகள் காய்ந்துவிட்டன. ஆற்றில் வெள்ளம் வடிந்தது. களத்து வேலை முடிந்தது. வீட்டில் நெல் இருக்கிறது. பொருள் தேடப் புறப்படுவோர்க்கு இதனினும் ஏற்ற காலம் இல்லை. போகின்றவன் கவலையின்றிப் போவதற்குக் காரணம், வீட்டில் இருப்பவள் ஓராண்டுக்கு உரியதைச் சேர்த்து வைத்திருப்பதே. அவளுக்கோ பகலில் வேலை உண்டு. குளிர்ந்த பின்னிரவில் தனிமை உண்டு. அகப்பாடல் கூறும் பிரிவுத் துயரத்தை இந்த வீட்டின் நடுவே வைத்துப் பார்த்தால், அது வெறும் புலவர் மரபாகத் தோன்றாது.

ரப்பர்த் தோட்டத்தின் பின்பனி

மலாயாவில் குளிர் இல்லை; ஆயினும் பின்பனியை ஒத்த ஒரு காலம் தோட்ட வாழ்வில் உண்டு. தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில், ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கிறது. பச்சை இலை செம்மஞ்சளாகிக் கொட்டும். சில வாரங்களில் புதிய தளிர் துளிர்க்கும். மரம் தன் ஆற்றலைத் தளிருக்குச் செலுத்துவதால் பால் குறையும். எடுக்கும் பாலின் அளவுக்கு ஏற்பக் கூலி வழங்கிய இடங்களில் குடும்பத்தின் வருவாயும் குறைந்தது. தமிழகத்தின் மாசி நிறைவின் மாதம். தோட்டத்தின் மாசி நெருக்கடியின் மாதம். பால்வெட்டுத் தொழிலாளியின் மனைவி, கொல்லையில் வளர்த்த முருங்கையையும் மரவள்ளிக் கிழங்கையும் கோழியையும் கொண்டு அந்த மாதங்களைக் கடத்தினாள். குதிர் இல்லாவிட்டாலும், நெல் மட்டத்தைப் பார்த்த அதே கண்ணே அரிசி மூட்டையையும் பார்த்தது. கெடாவிலும் பெர்லிசிலும் சனவரி, பெப்ரவரி மாதங்கள் மழை குறைந்தவை. சிங்கப்பூரிலும் பெப்ரவரியே மழை மிகக் குறைந்த மாதம். வடகமும் வற்றலும் இடுவதற்கு இங்கும் அதுவே ஏற்ற காலம்.

ஆசிரியர் கவனத்துக்கு

இன்று நெல்லை ஆலைகள் அவிக்கின்றன. புளியும் பருப்பும் பொட்டலத்தில் வருகின்றன. குதிரையும் திரிகையையும் தமிழகத்துப் பிள்ளைகளே பலர் கண்டதில்லை. பெண்டிரின் முதுகை முறித்த வேலை குறைந்தது நன்மையே. அதனை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று யாரும் விரும்பார். ஆனால், வேலை போகும்போது அதனோடு சொல்லும் போகிறது. சொல்லோடு அதில் அடங்கிய அறிவும் போகிறது. குதிர், பத்தாயம், கோட்டை, சால், திரிகை, நொய், புழுங்கல் ஆகியவை மனப்பாடம் செய்வதற்கு உரிய அருஞ்சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு சிக்கலுக்கு மக்கள் கண்ட தீர்வு.

ஆறு பொழுதுகளைக் கற்பிக்கும் ஆசிரியர் பின்பனிக்கு வரும்போது, ஒரு பிடி பச்சரிசியையும் ஒரு பிடி புழுங்கலரிசியையும் வகுப்பில் காட்டலாம். மேலே உள்ள கலக் கணக்கை மாணவரையே போடச் செய்யலாம். வீட்டிலுள்ள பாட்டியிடம், அவர் இளமையில் ஆண்டுக்கு ஒருமுறை சேமித்து வைத்தவை எவை என்று கேட்டு எழுதி வரச் சொல்லலாம். அந்தப் பட்டியலில் தமிழகத்துப் புளியும் இருக்கும். தோட்டத்து மரவள்ளியும் இருக்கும். அவற்றைக் கரும்பலகையில் மாத வாரியாக எழுதினால், தமிழரின் பொழுதுப் பகுப்பு மாணவர் கண்முன்னே தானாகவே அமைந்துவிடும். பின்பனி என்பது தன் குடும்பமும் வாழ்ந்து கடந்த ஒரு காலம் என்பதை அவன் அப்போது அறிவான்.